எந்தக் கால்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

வண்டி உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டதாகப் பார்சல் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தரைத்தள அறையில் இருக்கிறேன். கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. இதில் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது? வேறு முகவரி எதுவும் ஞாபகத்துக்கு வராததால் உன் முகவரியை எழுதிக் கொடுத்தேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் எங்கே போய் நிற்போம் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

லாரி இடித்ததில் முன்பக்க ஃபோர்க் வளைந்திருக்கும், ஹேண்டில்பாரும்தான். அவற்றை நிமிர்த்து. டாங்க் நசுங்கியது அப்படியே இருக்கட்டும், ஓட்டத்துக்கு அது குறுக்கே வராது. வாரம் ஒரு முறையாவது என்ஜினை ஓடவிடு. உதைப்பதற்கு முன்னால் கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிடியை இழுத்துப் பிஸ்டனின் காற்றை விட்டுவிட்டு உதை. மறந்தால் கிக்கர் திருப்பி உன்னை உதைக்கும்.

காலைப் பற்றி. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. எதையாவது மிதித்தால் மிதித்தது தெரிவதில்லை. செருப்பு கழன்று பின்னால் கிடந்தால் யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. டாக்டர், "உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார். அதனால் அந்தக் கால் செய்த வேலையைக் கை செய்யும்படி வண்டியை மாற்ற வேண்டும். உன்னிடம் சின்ன லேத் இருக்கிறது, கைவேலையும் தெரியும். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் தீட்டிய இடமெல்லாம் செத்த இடம். பாதம் நழுவாமல் உட்காரும்படி மிதிபடியை அகலப்படுத்த இந்த அளவு உதவும்.

ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்தில் முடிவு செய்கிறார்கள். நான் பழையபடி கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கலாமா, இல்லை ஓய்வு பெறும்வரை மேசையில் உட்கார்ந்து சான்றிதழ்களுக்கு முத்திரை குத்த வேண்டுமா என்று. என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினால் வெளிவேலை. இல்லாவிட்டால் மேசை.

நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். உன் வண்டிக்கு நாங்கள் வைத்த பெயரையும் மரியாதையையும் இன்னும் விடவில்லை. செயற்கைப் பல் செய்கிற என் கூடத்தின் பின்னறையில், பிளாஸ்டர் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறார். மருத்துவர்களிடமிருந்து பல் அச்சு கொண்டுவருகிறவர்கள் அச்சைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதில்லை, அவரைச் சுற்றிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள். என் வீட்டுக்காரி தினமும் அடியில் அட்டை மாற்றுகிறாள். "மாமியார் இல்லாத வீடுன்னு நம்பி வந்தேன். இப்ப எண்ணெய் வடிச்சிக்கிட்டு ஒண்ணு வந்து உக்காந்திருக்கு" என்கிறாள்.

முதல் நாளே அந்தச் சின்னப் பிடியை மறந்தேன். நீ எழுதியபடியே உதைத்தார். இரண்டு நாள் நொண்டினேன்.

எழுதப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படி எழுதுவதும் எழுதுவதுதான், அக்கா. அன்று போனில் நான் பேசியது அதிகம். நீ கட்டிலில் கிடக்கிறாய், நான், "இந்த வயசுல ஒனக்கு எதுக்கு அந்த ஓட்ட வண்டின்னு எத்தன தடவ சொன்னேன்" என்று கேட்கிறேன். கேட்கிற நேரமா அது? ஆனால் நீ என்ன சொன்னாய்? "நீ வராத. வந்தா ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாய். நீ சொன்னால் சொன்னதுதான் என்று பாவாடை சட்டை போட்ட உன்னிடமே பழகியவன் நான். வரவில்லை.

காலால் செய்வதைக் கையால் செய்யும்படி மாற்றித் தருகிறேன். படம் கிடைத்தது. குதிகால்கூடவா போய்விட்டது? அதைப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அச்சுகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 6

தம்பி,

உன் கடிதத்துக்குக் கோபமாகப் பதில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன், எதிரே போகிறேன், திரும்பி வருகிறேன். கால் மாதிரியே நானும் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

எதிரே என்றால் பயிற்சி அறை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, முன்னால் ஆளுயரக் கண்ணாடி. பயிற்சி கொடுக்கிற பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் ஊசி வைக்கிறாள்.

"இப்பத் தெரியுதாம்மா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

அவள் முகம் விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சில நாள், "லேசாத் தெரியுது" என்று சொல்லிவிடுகிறேன். அவளும் அதைக் குறித்துக்கொள்கிறாள். முப்பது வருடம் கடைக்காரன் தராசில் பொய் பிடித்தவள் நான். இப்போது என் காலே பொய் எடை காட்டுகிறது, நானே முத்திரையும் குத்திக்கொடுக்கிறேன்.

வராதே என்றால் வராமல் இருந்துவிடுவாயா? சின்ன வயதில், "என் அலமாரியத் தொடாத" என்று தினமும்தான் சொன்னேன். ஒருநாளாவது தொடாமல் இருந்தாயா? பக்கத்துக் கட்டில்காரிக்கு ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் அவள் என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கு யாரும் இல்லையாம்மா?" என்றாள். "தம்பி இருக்கான். வெளிநாட்டுல" என்றேன். அதற்குப் பிறகு அவள் தன் பழத்தில் பாதியை எனக்கு நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

எண்ணெய் வடிகிறதே என்று உன் வீட்டுக்காரி பயப்பட வேண்டாம். வடிவது நின்றுபோனால் சொல்லச் சொல், அப்போது பயப்படலாம்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

முடித்துவிட்டேன்! எழுதத் தாமதமானதற்குத் திட்டாதே. முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஃபோர்க் நிமிர்ந்துவிட்டது. ஹேண்டில்பார் புதிது. இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கியர் இப்போது கையில். பழைய மாடல் என்பதால் என்ஜினின் வலது பக்கம் இருக்கிற கியர் மிதியைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்டிலிருந்து ஒரு கம்பியை டாங்க் ஓரமாக மேலே கொண்டுவந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் பிடி வைத்திருக்கிறேன். முன்னால் தள்ளினால் ஒரு கியர், பின்னால் இழுத்தால் ஒரு கியர். முதலில் செய்த கம்பி ஆடியது, இரண்டாவது சிக்கியது, மூன்றாவது வெண்ணெய் மாதிரி போகிறது. பிடியின் குமிழை நாங்கள் ஈறு செய்கிற அக்ரிலிக்கில் வார்த்தேன். நிறமும் ஈறு நிறம்தான். பல் செட்டுக்குப் போடுகிற பாலிஷ் முழுவதும் போட்டுவிட்டேன். முகம் பார்க்கலாம்.

அதே வலது பக்கம் இருக்கிற கிக்கரை என்ன செய்வது என்றுதான் ரொம்ப யோசித்தேன். வண்டிக்கு வலப்பக்கம் இறங்கி நின்றுகொண்டு இடது காலால் உதைக்கலாம், முடிகிறது. நானே பழகிப் பார்த்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "ஆடு வேலி தாண்டுற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, "ஆமா, ஒங்க அக்காவுக்கு அடிபட்டது எந்தக் கால்?" என்று கேட்டாள். "வலதுதான், படம் ஒட்டியிருக்கேன் பாரு" என்றேன்.

இனி உன் வலது காலுக்கு இந்த வண்டியில் ஒரு வேலையும் கிடையாது. அது பாட்டுக்கு உட்கார்ந்து வரலாம்.

எப்போது வருகிறாய்?

தம்பி


மே 8

தம்பி,

என் வலது காலுக்கு ஒன்றும் இல்லை. மரத்தது இடது கால். கியரை வலது கால் போடும், கிக்கரையும் அதுவே உதைக்கும். இடப்பக்கம் இருக்கிற பின் பிரேக்கை மிதிக்கிற காலைத்தான் காணோம்.

அக்கா


மே 15

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சாக்கு என்று நினைக்காதே. எனக்கு வருவதெல்லாம் அச்சு. வாயில் கடித்து எடுத்த அச்சு. அதில் இருப்பது பல் அல்ல, பல் இருந்த பள்ளம். அதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆளின் வாய். இத்தனை வருடத்தில் கைக்கு எது வந்தாலும் திருப்பிப் போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உன் பாதத்தின் படமும் அப்படித்தான் வந்தது. உள்ளங்காலைக் கீழேயிருந்து பார்த்த அச்சு என்று எடுத்துக்கொண்டேன். காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் தெரிந்த கோட்டின் மேலேயே மறுபடி வரைந்தேன். அப்படித்தான் சுவரில் ஒட்டினேன். வலது கால் ஆகிவிட்டது. நீ மேலேயிருந்து பார்த்து வரைந்ததை அப்படியே பார்த்திருந்தால் போதும். குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கேட்டிருக்கலாம். ஒரு வரி எழுதி, எந்தக் கால் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், "அதுகூட ஒனக்குத் தெரியாதா" என்பாய். தெரியாதுதான். ஒரு தடவை வந்து கட்டில் பக்கத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். கூடப்பிறந்தவளுக்கு எந்தக் காலில் அடி என்று தெரியாமல் மூன்று மாதம் கம்பி ராவிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்காரி சுவரில் இருந்த படத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

கியரைப் பழையபடி காலுக்கே இறக்கிவிட்டேன். இப்போது பிரேக். இடது கைப்பிடியில், கிளட்சுக்குக் கீழே இன்னொரு சின்னப் பிடி வைத்து, அங்கிருந்து கேபிளைப் பின் சக்கரத்துக்கு இழுக்கப்போகிறேன். ஜூன் கடைசிக்குள் முடியும். கிக்கருக்கு, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி உட்கார்ந்தபடியே உதைத்தால் இடது காலில் பாரம் வராது.

திட்டி எழுது.

தம்பி


ஜூன் 1

தம்பி,

சிரிக்க வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டவும் வரவில்லை. மரக்கட்டையிடம் வந்து திட்டு என்றால் அது என்ன செய்யும்?

ஒன்று மட்டும் தோன்றியது. மூன்று மாதம் ஒருவன் என் காலை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறான், தப்பான காலை.

காலுக்கு ஒரு பிளாஸ்டிக் கவசம் கொடுத்திருக்கிறார்கள். பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே, வழி எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு ஏற்பாடு ஒன்றும் வேண்டாம் என்று உன் வீட்டுக்காரியிடம் சொல். ஓட்டிப் பார்த்துவிட்டு மாலையே கிளம்பிவிடுவேன்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததற்கு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. முழங்கை எப்படி இருக்கிறது? சிராய்ப்புத்தானே? கழுவி மருந்து போட்டாயா?

சரக்கு லாரிகள் நிற்கிற அந்தச் சிமென்ட் முற்றத்தை நீ சுற்றிச் சுற்றி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துவாய் என்று நினைத்தேன். நீ நிற்கவே இல்லை. போய்க்கொண்டே இருந்தாய். என் பக்கத்தில் வருவாய், வேகம் குறைப்பாய், மறுபடி முறுக்கிக்கொண்டு போய்விடுவாய். வம்புக்கு விளையாடுகிறாள் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் நானும் கைதட்டினோம். உன்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! அந்தப் பிரேக் பிடிக்கிறதே, அது போதும் எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நிறுத்தினாய். நின்ற வண்டியோடு மரம் சாய்கிற மாதிரி இடது பக்கம் சாய்ந்தாய். ஓடி வந்து நான் முதலில் வண்டியைத் தூக்கினேன். பெட்ரோல் கொட்டிக்கொண்டிருந்தது, கை தானாகப் போய்விட்டது. "அக்காவ விட்டுட்டு வண்டியத் தூக்குறீங்களே, மனுசனா நீங்க" என்று அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். நீயோ உட்கார்ந்தபடியே, "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

இரண்டு நாளாக யோசித்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு சைட்கார் கிடக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் தொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான். அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன், துரு மேலோடு சரி. இடது பக்கம் பூட்டினால் மூன்று சக்கரம் ஆகிவிடும், நின்றாலும் விழாது. வாகனப் பதிவு அலுவலகத்திலும் கேட்டுவிட்டேன், காட்டி எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆகஸ்டுக்குள் முடித்துவிடுவேன். நீ சரி என்று சொல்ல வேண்டும். கேட்காமல் செய்ய இனி எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி


ஜூலை 22

தம்பி,

நீ கைதட்டியது கேட்டது.

நான் சந்தோஷத்தில் சுற்றவில்லை. நிறுத்த முடியாமல் சுற்றினேன். முதல் சுற்று முடிந்து உன் பக்கத்தில் வந்தபோது இடது காலைக் கீழே ஊன்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் அது இன்னும் மிதிபடியிலேயே இருந்தது. இருபத்தேழு வருடமாக அந்த வண்டி நிற்கும்போது இறங்குகிற கால் அது. வலது காலை இறக்கு என்று புத்தி சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. சரி, ஒரு சுற்று போய் யோசித்துவிட்டு வரலாம் என்று போனேன். அடுத்த சுற்றிலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் நீ அங்கே நின்று கைதட்டிக்கொண்டிருந்தாய், நான் மறுபடி முறுக்கிக்கொண்டு போனேன். பெட்ரோல் தீரும்வரை சுற்றுவது, தீர்ந்த இடத்தில் விழுவது என்றுகூட நினைத்தேன். அடிபட்ட நாளிலிருந்து எனக்கு எதுவுமே தெரியவில்லை என்று எழுதினேன் அல்லவா? பயம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

வண்டியை முதலில் தூக்கியது சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உன் வீட்டுக்காரியிடம் சொல். முழங்கை ஆறிவிட்டது.

சைட்கார் என்று படித்ததும் உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். சைட்கார் பூட்டிய வண்டி சாயாது, தம்பி. திருப்பத்தில் ஹேண்டில்பாரை இழுத்துத்தான் திருப்ப வேண்டும், மூட்டை வண்டியைத் திருப்புகிற மாதிரி. நான் மழையிலும் வெயிலிலும் கடை கடையாக அலைந்தது தராசு மேல் ஆசைப்பட்டு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் திருப்பங்கள் இருந்தன. அங்கே வண்டியும் நானும் சேர்ந்து சாய்வோம். "அவ வண்டியத்தான் கட்டிக்கிட்டா" என்று உறவுக்காரர்கள் கேலி பேசினார்களே, அவர்கள் சொன்னது பொய் இல்லை.

ஆனால் போன வாரம் அலுவலகத்துக்குப் போய் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். முத்திரையை எடுத்துக் காகிதத்தில் ஒன்று குத்தினேன். கையும் மரத்துப்போன மாதிரி இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மிச்சமும் போய்விடும் என்று புரிந்தது.

அதனால் பூட்டிவிடு. சோதனை எடைக்கற்கள் தொட்டியில் போகட்டும். உட்காருகிற இடத்துக்கு மெத்தை தைக்க வேண்டாம், அதில் யாரும் உட்காரப்போவதில்லை. ஆகஸ்டில் நானே வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விழுவதற்கு முந்தைய சுற்றில், முற்றத்தின் கோடியில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் இருக்கிறதே, அங்கே பயந்து பயந்து அலுத்துப்போய், விழுந்தால் விழட்டும் என்று வண்டியை நன்றாகச் சாய்த்தேன். இடப்பக்கம்தான். மிதிபடி சிமென்டை உரசியது. காலுக்குத் தெரியவில்லை, காதில் கேட்டது. இரண்டு சக்கரத்தில் நான் சாய்ந்தது அதுதான் கடைசி. அது நடந்தபோது நீ அங்கே நின்றாய். ஆஸ்பத்திரிக்கு வராததை நான் அதில் கழித்துக்கொள்கிறேன்.

அக்கா